கோல்ஃப் ஆங்கிலம் திருப்பூருக்கு எதற்கு?

பனியன் கம்பெனி முதலாளிகள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், திருப்பூரில் ஒரு கருத்து தவறாமல் வந்து நிற்கும். "நம்ம ஆளுங்களுக்குத் தொழில் தெரியுமுங்க, பையர்கிட்ட அவங்க பாணியில பேசத்தான் தெரியாது. அது மட்டும் வந்துட்டா ஆர்டர் தானா வருமுங்க." ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும், வாட்ஸ்அப்பில் சுற்றும் 'தினம் ஐந்து தொடர்' பட்டியல்களும், மேலாண்மைப் பயிற்சியாளர்களின் மேடைப் பேச்சும் இதே சரக்கை வேறு வேறு விலைக்கு விற்கின்றன. அந்தப் பட்டியல்களில் கோல்ஃப் ஆட்டத்திலிருந்து வந்த தொடர்களுக்குத் தனி மவுசு. அமெரிக்க வியாபாரம் கோல்ஃப் மைதானத்தில்தான் பேசி முடிக்கப்படுகிறது, ஆகவே அந்த ஆட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டால் அமெரிக்கப் பையரின் மனசுக்குள் போய்விடலாம் என்கிறார்கள். ஒரு காரியத்தை ஆயத்தப்படுத்தி வைப்பது 'டீ அப்'. தொடங்கிவைப்பது 'டீ ஆஃப்'. வழக்கம்போல நடந்த கோளாறுக்குச் சலித்துக்கொள்ள 'பார் ஃபார் தி கோர்ஸ்'. முட்டுக்கட்டை விழுந்தால் 'ஸ்டைமி'. சொதப்பிவிட்டு இன்னொரு வாய்ப்புக் கேட்க 'முல்லிகன்'.

இந்தக் கருத்து திருப்பூரின் வரலாற்றோடு ஒட்டவில்லை. அங்கே தினமும் நடக்கும் கடிதப் போக்குவரத்தோடும் ஒட்டவில்லை. கோல்ஃபின் வரலாற்றோடும் ஒட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் வரலாறு. 1970-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டீ-ஷர்ட் தேடி மும்பை வழியாக இங்கே வந்ததைத்தான் ஏற்றுமதியின் பிள்ளையார் சுழியாக ஊரில் சொல்வார்கள். வந்தவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, விற்றவர்களுக்கும் இல்லை. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகும்போது ஊர் ஏற்கெனவே உலகச் சந்தைக்குள் கால் வைத்திருந்தது. அந்தத் தலைமுறை முதலாளிகள் யார் என்பதை சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் வெளிவந்த 'ஃபிரெடர்னல் கேப்பிடல்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களில் பெரும்பகுதியினர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு உட்கார்ந்து, தங்கள் உடல் உழைப்பையே மூலதனமாகச் சொல்லி மேலே வந்த கவுண்டர்கள். கான்வென்ட் வாசலை மிதித்தவர்கள் அவர்களில் அபூர்வம். அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்ப் பின்னலாடை வெளிநாடு போகிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் இது பாதிக்கு மேல்.

ஆங்கிலப் பேச்சுதான் ஆர்டரை இழுத்துவரும் என்றால், உலக ஆடை ஏற்றுமதியில் முதலிடம் சீனாவுக்கு எப்படிப் போனது? அடுத்தடுத்து நிற்பவை பங்களாதேஷும் வியட்நாமும். மூன்றில் ஒரு நாட்டிலும் மக்கள் ஆங்கிலத்தில் வளரவில்லை. மூன்று நாட்டுக்காரர்களும் கோல்ஃப் தொடர்களை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தறி ஓட்டினார்கள் என்று யாரும் வாதாட மாட்டார்கள் என்று நம்பலாம். ஆங்கிலம் நாற்புறமும் புழங்கும் இந்தியா அவர்களுக்குப் பின்னால் நிற்பதற்குக் காரணம் நூல் விலை, ஃபேக்டரியின் அளவு, செயற்கை இழைத் துணி, வரிச்சலுகை, துறைமுகத்துக்கு ஆகும் நாட்கள். இவற்றில் எதையும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சரிசெய்ய முடியாது.

பையர் என்றாலே அமெரிக்கர் என்ற கற்பனையும் இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கா பெரிய சந்தைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் திருப்பூர்ப் பெட்டிகள் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் டென்மார்க்குக்கும் போகின்றன. அங்கே மெயில் எழுதுபவருக்கும் ஆங்கிலம் பள்ளியில் படித்த பாடமே. போதாததற்கு, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே பெங்களூரிலோ குருகிராமிலோ திருப்பூரிலேயோ ஒரு பையிங் ஆபீஸ் உட்கார்ந்திருக்கும். ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு 'ஸ்டைமி' என்று எழுதினால் அவர் அகராதியைத் தேடுவார், அல்லது தேடாமல் விட்டுவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆர்டரைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரின் மேசையை நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காலர் வைத்த போலோ டீ-ஷர்ட் ஒன்றின் ஃபிட் சாம்பிள் கூரியரில் போய், பையரின் கமென்ட் திரும்பி வந்திருக்கிறது. (அமெரிக்காவில் பலர் இந்தச் சட்டையை 'கோல்ஃப் ஷர்ட்' என்றே சொல்வார்கள். இதை 1920-களில் பிரபலமாக்கியவர் ரெனே லாகோஸ்ட் என்ற டென்னிஸ் வீரர், பெயரோ போலோவுக்குப் போயிற்று. ஆட்டங்களின் பெயரை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்தச் சட்டையே போதும்.) கமென்டில் இப்படி இருக்கும்: காலர் நுனி இரண்டும் ஒன்றுபோல இல்லை, இடது 7.5 செ.மீ., வலது 7.2. பிளாக்கெட்டின் அடிப்பெட்டி சாய்கிறது. உடல் நீளம் ஸ்பெக்கைவிட 1.5 செ.மீ. குறைவு. ஷேட், ஒப்புதல் கொடுத்த லேப் டிப்பைவிட (சாய மாதிரித் துண்டு) சிவப்படிக்கிறது.

மெர்ச்சண்டைசர் அந்த மெயிலைத் தூக்கிக்கொண்டு கட்டிங் டேபிளுக்கு நடக்கிறார். "மாஸ்டர், நீளம் ஒன்றரை சென்டி கம்மிங்கறாங்க. பேட்டர்ன்ல தப்பா, துணி சுருங்கிருச்சா?" "காம்பாக்டிங் சரியா ஓடலீங்க மேடம். ஒரு துண்டைத் துவைச்சு அளந்துட்டுச் சொல்றனுங்க." அங்கிருந்து விஷயம், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் ஜாப் ஒர்க் காரருக்குப் போனில் போகும். ஷேட் பிரச்சினை டையிங்குக்குப் போகும். காலர், பிளாக்கெட் குறைகள் லைன் சூப்பர்வைசர் மூலமாகத் தையல் மெஷினுக்குப் போகும். அந்த மெஷினில் இருப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால், கடைசி அடி இந்தியில் முடியும். ஒரு மெயில் மூன்று மொழிகளில், ஐந்து கைகளில் மாறிப் போகிறது. 7.5 என்ற எண் கடைசி மெஷின்வரை சேதமில்லாமல் போய்ச் சேர்கிறது. 'காலர் வேலை பார் ஃபார் தி கோர்ஸ்' என்று பையர் எழுதியிருந்தால், மெர்ச்சண்டைசர் மேசையைத் தாண்டி ஓரடி நகராது. அது பாராட்டா, குத்தலா என்பதே அவருக்கு விளங்கியிருக்காது.

அடுத்தது இன்ஸ்பெக்‌ஷன். 5,000 பீஸ் பேக் ஆகி நிற்கிறது. ஆய்வாளர் வந்து அட்டைப்பெட்டிகளைத் தானே தேர்ந்து பிரித்து, வழக்கமான பொது நிலை அளவுப்படி 200 பீஸ் எடுக்கிறார். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்று ஒப்பந்தம் இருந்தால், பெரிய குறைகள் 10 வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையின் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. தையல் விட்டது ஒன்று, ஓட்டை ஒன்று, எண்ணெய்க் கறை ஒன்று என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டே போவார். தரம் குறைவு என்று சொல்லப் பட்டியல்காரர்கள் பெருமையாகக் கற்றுத்தரும் 'பிலோ பார்' என்ற சொல்லை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. 11-வது பீஸ் கையில் வந்தபிறகு ஆய்வாளரிடம் முல்லிகன் கேட்டுப் பாருங்கள். ரீ-இன்ஸ்பெக்‌ஷன் தேதி கிடைக்கும், அதற்கான பில் கம்பெனி பெயருக்கு வரும். சொல்லப்போனால், கோல்ஃபின் அதிகாரபூர்வ விதிகளிலும் முல்லிகனுக்கு இடமில்லை.

பணம் வந்து சேரும் இடத்தில் சொற்களுக்கு நடப்பது இன்னும் சுவாரசியம். எல்லா ஆர்டரும் இப்போது எல்.சி.யில் (வங்கியின் கடன் உறுதிக் கடிதம்) வருவதில்லை, வருகிறவற்றுக்குச் சர்வதேச வணிகச் சபை 2007 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்திய யு.சி.பி. 600 விதிகள் பொருந்தும். அதன் 3-வது பிரிவை ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். 'உடனடியாக', 'கூடிய சீக்கிரம்' என்ற சொற்கள் எல்.சி.யில் இருந்தால் அவற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்கிறது அது. ஒரு தேதிக்கு 'அன்றோ அதையொட்டியோ' என்று எழுதியிருந்தால், அந்தத் தேதிக்கு 5 நாள் முன்னும் 5 நாள் பின்னும் என்று பொருள். மாதத் தொடக்கம் என்றால் 1 முதல் 10 தேதி, நடுவில் என்றால் 11 முதல் 20. 30-வது பிரிவுப்படி, அளவுக்கு முன்னால் 'ஏறக்குறைய' என்ற சொல் இருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். 'ஏறக்குறைய 10,000 பீஸ்' என்று இருந்தால் 9,200 பீஸ் ஏற்றியவரின் டாக்குமென்ட் அளவு விஷயத்தில் தப்பிக்கும். அந்த ஒற்றைச் சொல் இல்லாமல் 10,000 பீஸ் என்று மட்டும் இருந்து, பகுதி ஷிப்மென்டும் கூடாது என்றால், அதே 9,200-க்கு வங்கி டிஸ்கிரிபன்சி போடும்.

வர்த்தக ஆங்கிலத்தில் உண்மையான நுணுக்கம் இருக்கும் இடம் இது. ஒரு சாதாரணச் சொல்லுக்கு ஆயிரம் பீஸ் பெறுமானம். இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு யார் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட தொழில்கள் எல்லாம் அலங்காரத் தொடர்களைக் கழித்துக்கட்டியிருக்கின்றன. திருப்பூர்ச் சரக்கு தூத்துக்குடியில் ஏறினால் கொழும்பிலோ வேறு துறைமுகத்திலோ கப்பல் மாறிப் போகும். அந்தக் கப்பல்களில் பல தேசத்து மாலுமிகள். அவர்களுக்குள் குழப்பம் வரக் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு தரப்படுத்திய தொடர்த் தொகுப்பையே ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதுதான் அதன் போக்கு. இன்னும் பக்கத்தில் சாட்சி வேண்டுமானால், டீ-ஷர்ட்டின் சைடு சீமில் தைக்கும் வாஷ்கேர் லேபிளைத் திருப்பிப் பார்க்கலாம். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம். பெர்லினிலும் பார்சிலோனாவிலும் ஒன்றுபோலப் புரிய வேண்டும் என்பதற்காக ஐரோப்பியர்கள் சொற்களையே எடுத்துவிட்டுப் படம் போட்டார்கள். அந்த லேபிளை வாங்கி, வெட்டி, மடித்து, நாளுக்கு ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்பும் ஊருக்கு மரபுத்தொடர் வகுப்பு எடுக்க வருகிறார்கள்.

சரி, கோல்ஃபுக்கே வருவோம். இந்தப் பட்டியல்களில் 'கோல்ஃப் தந்த தொடர்' என்று முழங்கும் பலவற்றைக் கோல்ஃப் தரவில்லை. 'பார்' என்ற சொல் அந்த ஆட்டத்துக்குப் போவதற்கு வெகு காலம் முன்பே நாணய மாற்றிலும் பங்குச் சந்தையிலும் புழங்கியது. முகமதிப்புக்குச் சமம் என்று அர்த்தம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் 1870-ல் நடந்த போட்டிக்கு முன், ஏ.எச். டோல்மன் என்ற பத்திரிகையாளர் இரண்டு ஆட்டக்காரர்களிடம், குறையில்லாமல் ஆடினால் 12 குழிகளுக்கு எத்தனை அடி ஆகும் என்று கேட்டார். 49 என்றார்கள். அதை அவர் பங்குச் சந்தைச் சொல்லை எடுத்து 'பார்' என்று எழுதினார். மூன்று சுற்றுக்கு 147 ஆகிறது. யங் டாம் மோரிஸ் 149 அடியில் ஜெயித்தார். ஆக 'பிலோ பார்' என்பதைத் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு விளக்கப் புல்வெளிக்குப் போக வேண்டியதில்லை, அவருடைய வங்கி மேலாளரே விளக்கிவிடுவார்.

'ஹேண்டிகேப்' குதிரைப் பந்தயம் வழியாக வந்தது. 'அப் டு ஸ்கிராட்ச்' ஓட்டப் பந்தயத்திலும் குத்துச்சண்டையிலும் தரையில் கிழித்த கோடு. நிஜமாகவே கோல்ஃபில் பிறந்த 'ஸ்டைமி'க்கு நேர்ந்த கதி வேறு. எதிராளியின் பந்து குழிக்கும் நம் பந்துக்கும் நடுவே வழிமறித்துக் கிடக்கும் நிலை அது. 1952-ல் விதியே எடுத்துவிட்டார்கள். இன்று ஆடுகிற யாரும் ஸ்டைமியில் மாட்டுவதில்லை. போட்டித் தேர்வுக் கையேட்டில்தான் மாட்டுகிறார்கள். எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் மரபுத்தொடருக்குக் கேள்வி வருகிறது, ஆகவே அங்கே படிப்பவர் படித்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தேவையை ஏற்றுமதியின் தேவை என்று மாற்றி எழுதுவதில்தான் கோளாறு.

இதற்குள் ஒரு வர்க்க ஆசையும் இருக்கிறது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் என்று பெயர் பெற்ற ராயல் கல்கத்தா 1829-ல் தொடங்கியது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல். வெள்ளைக்கார அதிகாரிகளின் ஆட்டம், பிறகு கம்பெனி மேலதிகாரிகளின் ஆட்டம். அந்தச் சொற்களைப் பேசினால் அந்த வரிசையில் நாற்காலி கிடைக்கும் என்ற நினைப்பு இயல்பானதே. ஆனால் இந்திய கோல்ஃபின் சொந்தக் கதை இந்த நினைப்பைக் கவிழ்க்கிறது. இந்தியன் ஓபன் போட்டியை 1991-ல் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாகப் பை சுமந்தவர். அதே போட்டியை 2016-லும் 2017-லும் வென்ற சவுராசியா, ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன். அந்த மைதானத்திலேயே வளர்ந்து ஆட்டத்தைப் பிடித்தவர். கிளப் மேசையின் ஆங்கிலம் அவர்கள் பந்தைக் குழிக்குள் தள்ளவில்லை. கோல்ஃப் ஆடுவதற்கே தேவைப்படாத கோல்ஃப் ஆங்கிலம், கோவை செட்டிபாளையம் மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்திராத ஒரு மெர்ச்சண்டைசருக்கு எதற்கு?

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. வியாபாரம் என்பது ஸ்பெக் ஷீட் மட்டுமா, மனிதர்களுக்கு இடையே உறவு வேண்டாமா? வீடியோ காலில் பையர், 'அடுத்த சீசன் ஸ்டைல்களை டீ அப் செய்து வையுங்கள்' என்றால் இந்தப் பக்கம் முழிக்கலாமா? முழிக்க வேண்டாம். "அப்படின்னா சாம்பிள் எந்தத் தேதிக்குள் வேணும்?" என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டால் போதும். கேட்டவருக்கு மரியாதை குறையாது, தேதியும் கைக்கு வந்துவிடும். (டீ என்றால் குடிப்பது, டீ என்றால் டீ-ஷர்ட், ஏற்றுமதியாளர் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கமும் டீ. இந்த ஊரில் நாலாவதாக ஒரு டீயைக் கொண்டுவந்து இறக்குவது வீண் குழப்பம்.) கேட்டுப் புரிந்துகொள்ளத் தேவையான கோல்ஃப் தொடர்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ஒரு பக்கத்தில் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். புரிந்துகொள்வது ஒரு வேலை, திருப்பிப் பேசிக் காட்ட முயல்வது இன்னொரு வேலை. வகுப்புகள் காசு வாங்குவது இரண்டாவதுக்கு.

உறவுக்குச் சோதனை வந்த காலம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. ஆர்டர்கள் நின்றன, தள்ளிப்போயின, விலைக் குறைப்புக் கேட்டு மெயில்கள் வந்தன. அன்றைக்குப் பேச்செல்லாம் எத்தனை சென்ட் குறைக்க முடியும், வரியில் யார் எவ்வளவு பங்கு ஏற்பது, வெட்டிவைத்த துணியை என்ன செய்வது என்பதுதான். அந்தப் பேச்சில் தாக்குப்பிடித்தவர்கள் தங்கள் காஸ்டிங் ஷீட்டை வரிக்கு வரி அறிந்தவர்கள்.

திருப்பூரின் மெயில்களில் நிஜமாகவே ஒரு பலவீனம் இருக்கிறது. வகுப்புக்காரர்கள் அதை மட்டும் தொடுவதே இல்லை. முடியாது என்று எழுத வராது. தாமதம் என்று நேரத்தோடு சொல்ல வராது. "எங்களால் ஆனமட்டும் முயற்சி செய்கிறோம்", "கூடிய சீக்கிரம் அனுப்புகிறோம்" என்று வங்கிகூடப் பொருட்படுத்தாத சொற்களால் பக்கத்தை நிரப்புவார்கள். டையிங்கில் சாயம் ஏறாத சரக்கு புதன்கிழமை தெரிந்திருக்கும். பையருக்கு அடுத்த செவ்வாய் தெரியவரும். அதற்குள் கப்பல் இடம் போய்விடும், சரக்கு விமானத்தில் ஏறும், லாபம் முழுக்க அந்தக் கட்டணத்தில் கரையும். ஊரில் ஏற்றுமதியாளர் யாரைக் கேட்டாலும் ஏர் ஷிப்மென்ட் கதை ஒன்றாவது வைத்திருப்பார். எதிராளி முகம் கோணக் கூடாது என்ற கொங்கு நாட்டுத் தயக்கமும் இதில் உண்டு; "ஆகட்டுமுங்க" என்ற பதிலில் ஆகாது என்ற அர்த்தமும் ஒளிந்திருப்பதை உள்ளூர்க்காரர் கண்டுபிடிப்பார், டச்சுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இப்படி மழுப்பிப் பழகிய கைக்குக் கோல்ஃப் தொடரையும் கொடுத்தால், மழுப்புவதற்குக் கூடுதலாக ஒரு வசதி செய்துகொடுத்ததாகிவிடும்.

வகுப்பு நடத்தத்தான் வேண்டும் என்றால் பாடத்திட்டம் கையெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. யு.சி.பி.யின் நாலைந்து பிரிவுகள், எஃப்.ஓ.பி.க்கும் சி.ஐ.எஃப்.க்கும் பொறுப்பு மாறும் இடம், ஏ.க்யூ.எல். அட்டவணை, அளவுக் குறையைச் சொல்லும் பத்து வாக்கியங்கள். முதல் நாள் வீட்டுப்பாடமாக ஒரே ஒரு மெயில் எழுதச் சொல்லலாம். கடற்படை நீலம், 3,000 பீஸுக்கான துணி, டையிங்கில் ஷேட் தவறிவிட்டது. இன்று புதன், காலை 11 மணி. மறுசாயம் போட 4 நாள் ஆகும், ஆகவே ஷிப்மென்ட் 18-ம் தேதிக்குப் பதில் 22-ம் தேதி. மற்ற இரண்டு நிறங்கள் பழைய தேதியிலேயே போகும். பிரித்து அனுப்பலாமா, சேர்த்து 22-ல் அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். புதிய லேப் டிப் நாளை கூரியரில் வரும். ஆறு வாக்கியம், ஒன்றில்கூட மரபுத்தொடர் இல்லாமல், மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பியாக வேண்டும்.